பாறைக்கும் பனிக்கட்டிக்கும் ஒரே ஹார்னஸ்: எதை வாங்கலாம்?

பெங்களூரில் வேலை, வார இறுதியில் ராமநகரம், டிசம்பரில் பாதாமி என்று பாறை ஏறப் போய்க்கொண்டிருந்த ஒருவர் ஜனவரியில் உறைந்த அருவி ஏற இமாச்சலத்தின் ஸ்பிதிக்குக் கிளம்புகிறார். ஐஸ் கோடாரி, பூட்ஸ், அதன் அடியில் கட்டும் முள்தகடான கிராம்பான் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். அவர் கேட்பது ஹார்னஸைப் பற்றி, அதாவது கயிற்றைக் கட்டிக்கொள்ள இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டைகளைப் பற்றி. “அண்ணா, இருக்கிற ஹார்னஸே போதுமா? புதுசு வாங்கணும்னா ரெண்டுக்கும் ஆகிற மாதிரி எது?” ஒவ்வொரு குளிர்காலமும் இந்தக் கேள்வி யாராவது ஒருவரிடமிருந்து வந்துவிடுகிறது. பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாறை, பனிக்கட்டி இரண்டும் ஏறுகிறவர் பனிக்கட்டி நாளை மனதில் வைத்துத்தான் ஹார்னஸ் வாங்க வேண்டும். பனிக்கட்டிக்கு ஏற்ற ஹார்னஸில் பாறை ஏறினால் கொஞ்சம் கனமாக இருக்கும், கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். பாறைக்கென்றே செய்த ஹார்னஸைப் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியில், நாலு அடுக்கு உடுப்புக்கு மேல், கையுறையோடு மாட்டும்போதுதான் சிக்கலே ஆரம்பிக்கும். இதற்கு விதிவிலக்குகளும் உண்டு, அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

பலரும் முதலில் கேட்பது பலம். அதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம். ஏறுவதற்கான ஹார்னஸ் எதுவானாலும் ஈஎன் 12277 என்ற ஐரோப்பியத் தரத்தைத் தாண்டியிருக்க வேண்டும். இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் சாதாரண வகைக்கு அதில் ‘சி’ பிரிவு. சோதனையில் 15 கிலோநியூட்டன் இழுவையை, அதாவது ஏறக்குறைய ஒன்றரை டன் எடையை, அது தாங்கியாக வேண்டும். நூறு கிராம் ஹார்னஸும் அரைக் கிலோ ஹார்னஸும் ஒரே சோதனையில்தான் தேறி வருகின்றன. லேபிளில் சிஈ முத்திரையும் இந்த எண்ணும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கட்டடவேலைக்கும் உயரத்தில் தொங்கிச் செய்யும் வேலைக்கும் விற்கிற ஹார்னஸ்களுக்குத் தரம் வேறு, வடிவமும் வேறு. விலை மலிவாக இருக்கிறதே என்று அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பலத்தை ஒதுக்கிவிட்டால் மிச்சம் இருப்பவை இவை.

தொடைப் பட்டை. அளவு மாற்றக்கூடியதா, மாற்ற முடியாத எலாஸ்டிக்கா? இதுதான் முதல் கேள்வி. ராமநகரத்தில் மெல்லிய ஒரே பேண்ட். ஸ்பிதியில் உள்ளே தெர்மல், அதன்மேல் ஃபிளீஸ், அதற்கும் மேல் காற்றும் நீரும் புகாத வெளிப்பேண்ட். பாறையில் கச்சிதமாக உட்கார்ந்த எலாஸ்டிக் லூப் இதன்மேல் ஏறினாலும் தொடையை இறுக்கும். ரத்த ஓட்டம் குறைந்தால் கால்விரல் சில்லிட்டுப் போகும், அந்தக் குளிரில் அது விளையாட்டில்லை.

இடுப்புப் பட்டையின் அளவு வீச்சு. அதே கதைதான். குறைந்த உடுப்பில் கடைசிவரை இழுத்தும் தளர்வாக இருக்கக் கூடாது. அதிக உடுப்பில் மாட்டியபோது பக்கிளைத் தாண்டி வரும் வால் குட்டையாகவும் இருக்கக் கூடாது. வால் குறைந்தது 8 சென்டிமீட்டராவது நீள வேண்டும்.

ஐஸ் கிளிப்பருக்கான துளைகள். பனிக்கட்டியில் திருகிக் கயிற்றை மாட்டும் ஐஸ் ஸ்க்ரூவை, கருவி தொங்கவிடும் சாதாரண வளையமான கியர் லூப்பில் கராபினர் என்ற பூட்டுவளையத்தோடு தொங்கவிட்டால், கையுறைக் கையால் ஒவ்வொன்றாகக் கழற்றுவதற்குள் மறுகை கோடாரியில் மரத்துவிடும். அதனால்தான் ஐஸ் கிளிப்பர் என்ற பெரிய பிளாஸ்டிக் கொக்கியை இடுப்புப் பட்டையில் செருகி, அதில் ஸ்க்ரூக்களை வரிசையாக மாட்டிக்கொள்கிறோம். பெட்சல் நிறுவனம் இதைக் காரிடூல் என்ற பெயரில் விற்கிறது. கிளிப்பர் நகராமல் நிற்க, பட்டையிலேயே அதற்கென்று தைத்த துளை வேண்டும். துளையில்லாத பட்டையிலும் கட்டக்கூடிய கிளிப்பர்கள் இருக்கின்றன. ஆனால் அவை நழுவித் திரும்பும், ஸ்க்ரூவின் பல் உங்கள் தொடையைப் பார்த்து நிற்கும்.

கியர் லூப். எத்தனை என்பதைவிட எங்கே, எந்த வடிவில் என்பது முக்கியம். முன்பக்க லூப் விறைப்பாக, முன்னோக்கிச் சரிந்திருந்தால் கைக்கு எட்டும். பின்பக்க லூப் துணிபோல மடிவது நல்லது. விறைப்பான பிளாஸ்டிக் லூப் முதுகுப்பைக்கு அடியில் மாட்டினால் நாள் முழுக்க இடுப்பில் குத்திக்கொண்டே இருக்கும்.

தொங்கும்போது சுகம், நீர் உறிஞ்சுதல், எடை. இந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும். எடை கடைசி. ஒரு எஃகு ஐஸ் ஸ்க்ரூ ஏறக்குறைய 140 கிராம் இருக்கும். முன்னே ஏறுகிறவர் பத்துப் பன்னிரண்டு ஸ்க்ரூ சுமந்து போகிறார். ஹார்னஸில் 150 கிராம் குறைத்தேன் என்று பெருமைப்படுகிறவர் ஒரு ஸ்க்ரூவைக் கூடாரத்தில் விட்டுவிட்டு வந்தாலே அந்த மிச்சம் கிடைத்துவிடும்.

## ஒரே பார்வையில்

| | ஸ்போர்ட் ஹார்னஸ் | பொது ஹார்னஸ் (தொடை மாற்றத்தக்கது) | மெல்லிய உயர்தர ஹார்னஸ் | ஆல்பைன் ஹார்னஸ் |
|---|---|---|---|---|
| உதாரணம் | பெட்சல் சாமா, பிளாக் டயமண்ட் சொல்யூஷன் | பெட்சல் அட்ஜாமா, கோராக்ஸ். ஆர்க்டெரிக்ஸ் ஏஆர்-395ஏ | பெட்சல் சிட்டா | பெட்சல் ஆல்டிடியூட், பிளாக் டயமண்ட் குலுவார், புளூ ஐஸ் ஷூகா |
| எடை | 350–450 கிராம் | 400–550 கிராம் | 300 கிராம் சுற்றி | 100–250 கிராம் |
| தொடைப் பட்டை | எலாஸ்டிக், மாற்ற முடியாது | பக்கிள் வைத்தது | பெரும்பாலும் எலாஸ்டிக் | முழுதாகத் திறக்கும் |
| ஐஸ் கிளிப்பர் துளை | பல மாடல்களில் இல்லை | பெரும்பாலும் உண்டு | பெரும்பாலும் உண்டு | பெரும்பாலும் உண்டு |
| தொங்கினால் | சுகம் | சுகம் | பரவாயில்லை | வலிக்கும் |
| ஈரத்தில் | உறிஞ்சும் | உறிஞ்சும் | குறைவு | மிகக் குறைவு |
| தேய்மானம் | நடுத்தரம் | நன்றாக உழைக்கும் | சீக்கிரம் தேயும் | பாறையில் உரசினால் தாங்காது |

எடைகள் சைஸுக்குச் சைஸ் மாறும். மாடல்களையும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறார்கள், பெயர் அப்படியே இருக்க உள்ளே துளையும் லூப்பும் இடம் மாறியிருக்கும். வாங்கும் நாளில் கையில் இருக்கிற ஹார்னஸையே பார்த்துச் சரிபாருங்கள்.

## ஸ்போர்ட் ஹார்னஸ்: கையில் இருப்பதே போதுமா

பெரும்பாலானவர்களிடம் ஏற்கெனவே இருப்பது இதுதான். பாதாமியின் மணற்கல்லில் போல்ட் அடித்த வழிகளில் ஒரே நகர்வை இருபது தடவை முயன்று, ஒவ்வொரு தடவையும் கயிற்றில் உட்கார்ந்து யோசிக்கிறவருக்கு இதைவிட வசதியானது இல்லை. தொடையில் பக்கிள் கிடையாது, மாட்டக் கழற்ற நேரமே ஆகாது.

பனிக்கட்டிக்கு இது ஆகுமா? மேலிருந்து கட்டிய கயிற்றில் இரண்டு மூன்று நாள் பழகத்தான் போகிறீர்கள் என்றால் தாராளமாக ஆகும். மேல்கயிற்றில் ஸ்க்ரூ சுமக்க வேண்டியதில்லை, அதனால் கிளிப்பர் பற்றிய கவலை இல்லை. தொடை மட்டும்தான் கேள்வி. கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே, ஸ்பிதியில் போடப்போகிற எல்லா உடுப்பையும் போட்டுக்கொண்டு ஹார்னஸை மாட்டுங்கள். முழங்காலை மார்புவரை தூக்குங்கள். தொடை மடிப்பில் இறுக்காமல், இடுப்புப் பட்டை கீழே இழுபடாமல் இருந்தால் அந்தப் பயணத்துக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஸ்பிதி ஏற்பாட்டாளர்கள் பலர் ஹார்னஸும் தருகிறார்கள், கேட்டுப் பார்க்கலாம்.

பனிக்கட்டியில் நீங்களே முன்னே ஏறி ஸ்க்ரூ போடும் கட்டம் வந்துவிட்டால் இதை விட்டுவிடலாம்.

## பொது ஹார்னஸ்: என் ஓட்டு இதற்கு

நடுவில் இருக்கிற இந்த வகையை விளம்பரங்கள் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. ஒல்லியாக இல்லை, கண்ணைப் பறிக்கும் தொழில்நுட்பப் பெயர் எதுவும் இல்லை. ஆனால் ராமநகரத்தின் கருங்கல் விரிசலில் செருகும் கேம் என்ற பிடிமானக் கருவியைத் தொங்கவிட்டு ஏறவும், மறுமாதம் உறைந்த அருவியில் ஸ்க்ரூ தொங்கவிட்டு ஏறவும் ஒரே ஹார்னஸ் வேண்டுமென்றால் இந்த வகையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இதற்குள்ளேயும் வித்தியாசம் இருக்கிறது. கோராக்ஸ் போன்றவற்றில் இடுப்பில் இரண்டு பக்கிள். ஒரே பக்கிள் இருக்கும் ஹார்னஸில் உடுப்பு கூடும்போது பட்டை ஒரு பக்கமாகவே நீளும். அப்போது மெத்தைப் பகுதி கோணலாகி, வலதுபக்க கியர் லூப் முன்னாலும் இடதுபக்க லூப் முதுகுப் பக்கமும் போய்விடும். பாறையில் இது சின்ன எரிச்சல்தான். பனிக்கட்டியில் கிளிப்பர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது, கை துழாவும். இரண்டு பக்கிள் இருந்தால் இரண்டு பக்கமும் சமமாகத் தளர்த்தி, கயிற்றுக் கருவியை மாட்டும், எடை தாங்கும் முன்வளையமான பிலே லூப்பைத் தொப்புளுக்கு நேராக வைத்துக்கொள்ளலாம். கோடையில் ஒல்லி, குளிரில் நாலு அடுக்கு என்று மாறிக்கொண்டே இருப்பவருக்கு இது பெரிய வசதி. வீட்டில் இரண்டு பேர் மாற்றி மாற்றி மாட்டுவதாக இருந்தாலும் அப்படித்தான். பதிலுக்கு எடை அரைக் கிலோவைத் தொடும்.

அட்ஜாமா இடுப்பில் மெலிந்தது, டிராட் ஏறுகிறவர்களை, அதாவது போல்ட் இல்லாத வழியில் தாங்களே பிடிமானம் செருகி ஏறுகிறவர்களை, நினைத்துச் செய்தது. கேமும் நட்டும் நிறையச் சுமக்க வசதியான லூப்கள் இருக்கின்றன. பெண்களுக்கு இதே வரிசையில் லூனா. பெண்களுக்கான மாடல்களில் நிறம் மட்டும் மாறுவதில்லை. இடுப்புக்கும் தொடைப் பட்டைக்கும் இடையிலான நீளம் கூடுதல், இடுப்புப் பட்டையின் வளைவும் வேறு. ஆண்கள் மாடலில் தொடைப் பட்டை இடுப்பைக் கீழே இழுக்கிறது என்று குறைப்படும் பெண்கள் சைஸை மாற்றிக்கொண்டே இருக்காமல் இந்த மாடலை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். நெட்டையான ஆண்கள் சிலருக்கும் இதுவே பொருந்துகிறது, கடைக்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

இந்த வகையில் ஒரு விஷயத்தைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். தொடையில் பக்கிள் இருக்கிறது என்பதற்காக அது முழுதாகத் திறக்கும் என்று அர்த்தமில்லை. தளரும், அவ்வளவுதான். காலை உள்ளே விட்டுத்தான் மாட்ட வேண்டும். கிராம்பானைக் கட்டிக்கொண்டு விட்டால் முன்முள் பட்டையில் சிக்கும். சிக்கினால் அவிழ்த்துக்கொள்ளலாம், நைலானைக் கீறிவிட்டால் என்ன செய்வது? அருவியடிக்குப் போய்ச் சேர்வதற்கு முன், பூட்ஸ் மட்டும் போட்டிருக்கும்போதே ஹார்னஸை மாட்டிவிடுங்கள். கிராம்பான் அதற்கு அப்புறம்.

ஈரம் இதன் இன்னொரு பலவீனம். அருவி உறைந்துவிட்டாலும் வெயில் ஏறும் நேரத்தில் சொட்டிக்கொண்டுதான் இருக்கும். மெத்தைக்குள் இருக்கும் ஃபோம் அதைக் குடித்துவைக்கும், சாயங்காலம் வெயில் இறங்கியதும் விறைத்துப் பலகையாகிவிடும். இரவில் வெளியே விட்டுவைத்தால் மறுநாள் காலையில் பக்கிளுக்குள் பட்டை நகராது. கூடாரத்துக்குள், முடிந்தால் தூங்கும் பைக்கு அடியில் வைத்துக்கொள்வது வழக்கம்.

## மெல்லிய உயர்தர ஹார்னஸ்: ஆசை யாரை விட்டது

சிட்டா மாதிரி ஹார்னஸை ஒருமுறை மாட்டிப் பார்த்தவருக்குத் திருப்பிக் கொடுக்க மனம் வராது. மெத்தை கிடையாது. பட்டைக்குள் மெல்லிய இழைகளைப் பிரித்துப் பரப்பி, இடுப்பின் அகலம் முழுக்க எடையைப் பங்கிட்டிருப்பார்கள். ஃபோம் இல்லாததால் நீர் குடிப்பதும் குறைவு. கிளிப்பர் துளையும் இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் பாறைக்கும் பனிக்கட்டிக்கும் இதுவே பொருத்தம் என்று தோன்றும்.

இடிக்கும் இடம் ஒன்றுதான், தொடைப் பட்டை எலாஸ்டிக். கோடையில் மெல்லிய பேண்டுக்குச் சரியான சைஸை எடுத்தால் குளிரில் இறுகும். குளிருக்கு எடுத்தால் கோடையில் தொடையில் ஆடும். ஆடுவதால் ஆபத்தில்லை, ஹார்னஸின் பாதுகாப்பை இடுப்புப் பட்டைதான் தாங்குகிறது. ஆனால் தொங்கும்போது எடை சரியாகப் பங்கிடாது, இத்தனை பணம் கொடுத்து வாங்கியதே அதற்காகத்தானே.

விலை சாதாரண பொது ஹார்னஸைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. உழைப்போ குறைவு. மெல்லிய துணி ராமநகரத்தின் சொரசொரப்பான கருங்கல்லில் புகைபோக்கி போன்ற அகன்ற பிளவுகளில் முதுகைத் தேய்த்து ஏறுவதற்கு ஏற்றதில்லை. வருடத்தில் பாதி நாள் மலையில் இருப்பவர், உயரமான முகடுகளில் ஒரே நாளில் பாறையும் பனிக்கட்டியும் கலந்து ஏறுகிறவர், உடம்பு பருமன் பெரிதாக மாறாதவர், இவர்களுக்கு இது நல்ல தேர்வு. வார இறுதி ஏறுகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

## ஆல்பைன் ஹார்னஸ்: நடக்கிறவருக்கு

பனியாறு கடக்க, பனிச்சரிவில் கயிறு கட்டி நடக்க, சிகரம் போகிறவர்களுக்கான வகை இது. தொடைப் பட்டை முழுதாகப் பிரியும். இரண்டு காலும் தரையில் ஊன்றியபடி, கிராம்பானைக் கழற்றாமல் மாட்டலாம். பனிச்சறுக்குக் கட்டையோடும் மாட்டலாம். மடித்தால் உள்ளங்கையில் அடங்கும். ஆல்டிடியூட் 150 கிராம்தான், ஷூகாவின் மிக லேசான வகை நூறு கிராம் பக்கம். முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு நாள்கணக்கில் நடக்கிறவருக்கு இதன் அருமை தெரியும். பையின் இடுப்புப் பட்டைக்கு அடியில் இருப்பதே தெரியாது.

ஆனால் இதில் தொங்கினால் சில நிமிடத்திலேயே தொடை மரத்துவிடும். பல கயிற்று நீளம் ஏறும் அருவியில், கயிற்றை நங்கூரமிட்ட நிலையத்தில் தொங்கியபடி முக்கால் மணிநேரம் கூட்டாளியின் கயிற்றைப் பிடித்துப் பிலே செய்யும்போது குளிரும் வலியும் சேர்ந்துகொள்ளும். பாறையில் இதை வைத்துப் பழகவே முடியாது. பாதாமியில் இதோடு ஒரு காலை ஏறினால் மத்தியானத்துக்குள் நண்பரின் ஹார்னஸைக் கடன் கேட்பீர்கள்.

## இரண்டு ஹார்னஸ் வைத்துக்கொண்டால்?

எல்லாவற்றுக்கும் ஒன்று என்ற பிடிவாதத்தை விட்டால் கணக்கே வேறாகிறது. ஒரு மெல்லிய உயர்தர ஹார்னஸின் விலைக்கு ஒரு எளிய ஸ்போர்ட் ஹார்னஸும் ஒரு ஆல்பைன் ஹார்னஸும் வாங்கிவிடலாம். பாறைக்கு ஒன்று, இமயமலைப் பனிநடைக்கு ஒன்று. இந்த ஜோடி யாருக்குச் சரி என்றால், பாறை ஏறுவார், ட்ரெக்கிங் சிகரங்களுக்குப் போவார், ஆனால் செங்குத்தான உறைந்த அருவியில் முன்னே ஏறும் எண்ணம் இல்லாதவருக்கு. நம்மூரில் ‘பனியில் ஏறப் போகிறேன்’ என்கிறவர்களில் பலர் உண்மையில் இந்த ரகம்தான். செங்குத்து அருவிதான் இலக்கு என்றால் இந்த ஜோடியில் இரண்டுமே அரைகுறைதான், பொது ஹார்னஸ் ஒன்றே மேல்.

உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்ற நிறுவனத்திலோ டார்ஜிலிங்கில் உள்ள இமயமலை மலையேற்ற நிறுவனத்திலோ அடிப்படைப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருப்பவர்கள் எதையும் வாங்க வேண்டாம். ஹார்னஸ் அவர்களே தருவார்கள். ஒரு மாதம் அதில் உழன்ற பிறகு தொடை எங்கே உரசுகிறது, லூப் எங்கே எட்டவில்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அப்புறம் கடைக்குப் போங்கள்.

## விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

ஐஸ் கிளிப்பர் ஹார்னஸோடு வராது, தனியாக வாங்க வேண்டும். முன்னே ஏறுகிறவருக்குக் குறைந்தது இரண்டு வேண்டும், ஸ்க்ரூவுக்கு ஒன்றும் கோடாரியைத் தொங்கவிட ஒன்றும். ஒரு கம்பெனியின் கிளிப்பர் இன்னொரு கம்பெனியின் துளையில் இறுகவோ தொளதொளக்கவோ செய்யலாம், முடிந்தால் ஹார்னஸோடு சேர்த்தே வாங்குங்கள். கிளிப்பரும் சரி, கியர் லூப்பும் சரி, ஆளின் எடையைத் தாங்கும் கருவி அல்ல. இரண்டிலும் உங்களைக் கட்டிக்கொள்ளவே கூடாது. புதிதாக வருகிறவர்கள் பின்பக்க லூப்பைப் பிலே லூப் என்று நினைத்துக் கராபினரை மாட்டுவது எல்லா ஊரிலும் நடக்கிறது.

வெளிநாட்டு பிராண்டை நேரடியாக வரவழைத்தால் சுங்கமும் அஞ்சலும் சேரும், சைஸ் தப்பினால் திருப்பி அனுப்புவது பெரும்பாடு. ஹார்னஸ் விஷயத்தில் சைஸ் தப்புவது அடிக்கடி நடக்கிறது. உள்ளூரில் போட்டுப்பார்க்கும் வாய்ப்பு இருந்தால் அதற்காகக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பதில் தப்பில்லை. டெகாத்லான் கடைகளில் அவர்களுடைய சிமோண்ட் வரிசை கிடைக்கிறது. சிமோண்ட் பிரான்சின் ஷமோனியில் பிறந்த பழைய மலையேற்றப் பெயர்தான், ஏளனமாகப் பார்க்க வேண்டாம். மேலே சொன்ன அளவுகோல்களை அங்கேயும் வைத்துப் பாருங்கள், குறிப்பாகத் தொடைப் பட்டையையும் கிளிப்பர் துளையையும்.

பெரிய மறைசெலவு ஆயுள். பயன்படுத்தாமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் நெசவுப் பொருளுக்குப் பத்து வருடம்தான் உச்சவரம்பு என்று பெரிய கம்பெனிகள் சொல்கின்றன. வாராவாரம் ஏறினால் அதில் சிறு பங்குதான் கிடைக்கும். முதலில் தேய்வது கயிறு கட்டும் இரண்டு கண்ணிகளும் பிலே லூப்பும். இப்போது பல ஹார்னஸ்களில் அந்த இடங்களில் மேல்நெசவுக்கு அடியில் வேறு நிற இழை வைத்துத் தைக்கிறார்கள். அந்த நிறம் வெளியே தெரிந்தால் ஹார்னஸ் முடிந்தது.

இதில் சமாதானம் சொல்லிக்கொள்ள இடமே கிடையாது. டாட் ஸ்கின்னர் அமெரிக்காவின் தலைசிறந்த பாறை ஏறுநர்களில் ஒருவர். 2006 அக்டோபரில் யோசெமிட்டியின் லீனிங் டவரில் கயிற்றில் இறங்கிக்கொண்டிருந்தபோது அவருடைய பிலே லூப் அறுந்து விழுந்து இறந்தார். லூப் தேய்ந்திருந்தது அவருக்கும் தெரியும், புது ஹார்னஸுக்குச் சொல்லி வைத்திருந்தார். நல்ல நிலையில் இருக்கும் பிலே லூப் 15 கிலோநியூட்டனைத் தாங்கும், அன்று அதன்மேல் இருந்தது ஒரு மனிதரின் எடை மட்டும்தான். ஒரு கேமின் விலைக்கு நல்ல பொது ஹார்னஸ் கிடைக்கும்போது, இன்னும் ஒரு சீசன் ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போடுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. பாறையும் பனிக்கட்டியும் ஒரே ஹார்னஸில் ஏறுகிறவருக்குத் தேய்மானம் இரட்டிப்பு. பாறை உரசுகிறது, கிராம்பானும் ஸ்க்ரூவின் பல்லும் குத்துகின்றன. ஒவ்வொரு ஸ்பிதிப் பயணத்துக்குப் பிறகும் தொடைப் பட்டையின் வெளிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும், நூல் பிசிறுவது கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தட்டுப்படும்.

நம் வீடுகளுக்கே உரிய எதிரி ஒன்று இருக்கிறது. இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கும் மூலையிலோ, பேட்டரி வைத்த கார் டிக்கியிலோ ஹார்னஸைப் போட்டு வைக்காதீர்கள். அமிலமோ அதன் ஆவியோ பட்டால் நைலான் பலம் இழந்துவிடும், வெளியே எந்த அடையாளமும் தெரியாமல்கூடப் போகலாம். வியர்வை காய்ந்த உப்பை வெதுவெதுப்பான நீரிலும் மென்மையான சோப்பிலும் அலசுங்கள். மொட்டைமாடி வெயிலில் போடாமல் நிழலில் காயவையுங்கள்.

## கடையில் நிற்கும்போது

உங்கள் தடித்த ஃபிளீஸையும் வெளிப்பேண்டையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். சென்னை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பது சங்கடம்தான், ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் அவை இல்லாமல், அப்புறம் அவற்றோடு மாட்டுங்கள். இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே உட்கார வேண்டும். இறுக்கிய பிறகு இரண்டு கையாலும் கீழே இழுத்தால் எலும்பைத் தாண்டி வரக் கூடாது. வந்தால், தலைகீழாக விழும்போது உடம்பு ஹார்னஸிலிருந்து நழுவும். சின்னப் பிள்ளைகளுக்கு இடுப்பே இன்னும் வடிவாகாததால்தான் அவர்களுக்குத் தோளையும் சேர்த்துக் கட்டும் முழு உடல் ஹார்னஸ்.

பிறகு தொங்க வேண்டும். கடையில் கயிறு கட்டி வைத்திருந்தால் பத்து நிமிடமாவது தொங்குங்கள். இல்லாவிட்டால் பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கிற ஏறுசுவர்க் கூடங்களில் நண்பருடைய அதே மாடலைக் கடன் வாங்கித் தொங்கிப் பாருங்கள். முதல் நிமிடத்தில் எல்லா ஹார்னஸும் சுகம்தான், ஏழெட்டு நிமிடத்துக்குப் பிறகுதான் விலாவில் அழுத்துகிறதா, தொடை மரக்கிறதா என்று தெரியும்.

தடித்த கையுறை போட்டுக்கொண்டு பக்கிளைத் தளர்த்தி இறுக்கிப் பாருங்கள். கிளிப்பர் துளை முதல் கியர் லூப்புக்கு முன்னால் இருக்கிறதா, இரண்டு லூப்புக்கு நடுவிலா என்று பாருங்கள். முன்னால் இருந்தால் ஸ்க்ரூ சட்டென்று கைக்கு வரும், ஆனால் காலைத் தூக்கும்போது தொடையில் இடிக்கும். நடுவில் இருந்தால் இடிக்காது, கை கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எனக்கு நடுவில் இருப்பதே பிடிக்கும், கூட ஏறுகிறவர்களில் பாதிப் பேர் இதை ஒத்துக்கொள்வதில்லை.

பின்பக்கத்தில் தொடைப் பட்டையையும் இடுப்புப் பட்டையையும் இணைக்கும் எலாஸ்டிக்கைக் கழற்றி மாட்ட முடிகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பல கயிற்று நீள ஏற்றத்தில், இடுப்புப் பட்டையை அவிழ்க்காமல் இயற்கை உபாதையைக் கழிக்க அதுதான் வழி. இதைக் கடையில் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், தாங்களே திருப்பிப் பார்த்து அந்தக் கொக்கி கையுறையோடு கழல்கிறதா என்று இழுத்துப் பார்க்கலாம்.